கிரேன்காரி இரண்டு தடவை இறங்கிய காலை

ஒருத்தி ஒன்றுக்குப் போனதை எண்ணி, ஒரு கட்டட சைட்டே கூடித் தொட்டில் கட்டிவிட்ட கதை இது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும்.

அவளை எல்லோரும் கிரேன்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் சும்மா வந்துவிடவில்லை. மணல் சுமந்த தலை அது. மேலே இருந்த ஆபரேட்டருக்கு டீ கொண்டு போகிற சாக்கில் ஏணி ஏறி, அவர் கை எந்த லீவரை எப்படித் தள்ளுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றவள். கிரேன் ஓட்டும் லைசென்ஸ் பரீட்சைக்குப் போனபோது அங்கிருந்த ஆண்பிள்ளைகள், சமையல் பரீட்சை அடுத்த கட்டடத்தில் என்று வழி சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் தேறவில்லை, இவள் தேறினாள். முட்டை ஏற்றிய தட்டைக்கூட ஆடாமல் பத்தாவது மாடியில் வைப்பாள் என்று கொத்தனார்கள் பந்தயம் கட்டுவார்கள். அப்படிச் சம்பாதித்த நாற்காலி அது.

அந்த நாற்காலியில் ஒரு சங்கடம் உண்டு. மேலே கக்கூஸ் கிடையாது. ஆண்கள் பாட்டிலில் முடித்துக்கொள்வார்கள், ஒரு பயலும் கேட்கமாட்டான். பெண்பிள்ளை என்றால் கொக்கியை நிறுத்தி, ஏணி வழியே முழு உயரமும் இறங்கி வரவேண்டும். அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆரம்பத்தில் வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வந்து படுத்தாள். அதற்கப்புறம் வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். குடிப்பாள், இறங்குவாள், ஏறுவாள்.

கல்யாணமாகிப் பல வருஷம். பிள்ளை இல்லை. அது அவளுக்கும் புருஷனுக்கும் இடையில் உள்ள துக்கம். பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் அந்த மனுஷன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் குத்தினதில்லை. ஆனால் அவள் உடம்பு அவளை மாதாமாதம் ஏமாற்றும். வீட்டுக்குத் தூரமாவதற்கு இன்னும் சில நாள் இருக்கும்போதே மார்பு கனத்து வலிக்கும், பெல்ட் பட்டாலே சுரீர் என்னும். உட்கார்ந்த இடத்தில் தூக்கம் சொக்கும். தினமும் மோந்த கிரீஸ் வாடை திடீரென்று குமட்டும். அடிவயிறு இழுக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். இந்தத் தடவைதான் என்று மனசு துள்ளும். அப்புறம் ரத்தத்தைப் பார்த்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவாள். அதனால் வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருந்தாள். புருஷனிடம்கூட.

அன்று காலை இரண்டு தடவை இறங்கினாள். இரண்டாவது தடவை டீக்கடையில் பால் கொதிக்கிற வாடை மூக்கில் ஏற, டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள். அதைப் பார்த்தவன் கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரன். அவனுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது, அதனால் தன்னைப் பெரிய வைத்தியன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எங்க வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றான்.

"வாய மூடிட்டு வேலையப் பாருடா," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

அவன் எங்கே மூடினான்? சாப்பாட்டு வேளைக்குள் கம்பி கட்டுகிறவர்களிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் சேதி போய்விட்டது. சித்தாள் பெண்கள் அவள் முகத்தில் மினுமினுப்பு தெரிகிறது என்றார்கள். வெயிலில் வேர்த்தால் யார் முகமும் மினுமினுக்கும். ஒரு கொத்தனார், இறங்குகிற நடையைப் பார்த்தால் ஆண் குழந்தை என்று தீர்ப்பே எழுதிவிட்டார். தூரம் தள்ளிக்கூடப் போகவில்லை, அதற்குள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காத குறை.

சாயங்காலம் இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். இனிமேல் மேலே ஏறவேண்டாம், கிரேன் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்று தேனாகப் பேசினார். அவள் இன்னும் எதுவும் இல்லை என்று சொன்னாள். இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், சாவி உங்களுடையது என்றார். அந்த வாரத்தில்தான் பெரிய இரும்பு உத்தரங்களை ஏற்றுகிற வேலை. அதற்கு ரிட்டையராகும் வயசில் இருந்த இன்னொரு ஆபரேட்டர் பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸம்மா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வயித்துல புள்ள நின்னாலும் வரும், தூரம் வரப்போகுதுன்னாலும் வரும். உன் உடம்புக்கே இன்னும் தெரியாது, நான் என்னத்த எழுதுறது? தேதி தள்ளிப் போகட்டும், அப்புறம் சோதனை பண்ணலாம். தலை சுத்துனா ஏறாத. அவ்வளவுதான்."

தலை சுற்றல் அவளுக்கு இல்லவே இல்லை. ஆக, எந்த டாக்டராலும் எழுத முடியாத சீட்டைக் கேட்டு அவளை இறக்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் அதைவிடக் கொடுமை. புருஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. சிக்னல்காரனின் மச்சான் பட்டறைக்கே போய்க் கை குலுக்கிவிட்டு வந்திருக்கிறான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றான்.

"எனக்கே தெரியாதத உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

அந்த முகத்தில் எரிந்ததை அவள் கையாலேயே அணைக்க வேண்டியதாயிற்று. சாவியைப் பிடுங்கியதைக்கூடப் பொறுத்திருப்பாள், இதைப் பொறுக்க முடியவில்லை.

அடுத்த நாட்களில் சாமான் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஹெல்மெட் வாங்கி வைக்கிற வேலை. போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்து நடங்கக்கா என்று அவளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தான். தலைக்கு மேலே உத்தரம் ஆடிக்கொண்டே போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

பிறகு ஒரு காலையில், சைட் கக்கூஸில், ரத்தம் வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். வெளியே போய், தூரம் வந்துடுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி கைக்கு வரும். எல்லோரும் நல்லதாப் போச்சு என்பார்கள். அந்த நல்லதாப் போச்சை நினைத்தபோதுதான் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. தன் நஷ்டத்தைக் காட்டித் தன் நாற்காலியை வாங்குவதா?

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் இன்ஜினியர் முன்னால் நின்றாள். ஒரு உத்தரத்தை ஏற்றி முடித்து, பெரியவரும் அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். சிக்னல்காரனும் கொத்தனார்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், சாவியக் குடுங்க."

"சீட்டு கொண்டு வந்தீங்களா?"

"பெரியப்பா கொண்டு வந்தாரா?" என்றாள். "அவருக்குச் சுகர். என்னவிட ரெண்டு மடங்கு போறாரு. அவரு பாட்டில்ல போறாரு, நான் இறங்கி வரேன். அவ்வளவுதான் வித்தியாசம். அவரு பாட்டிலுங்கள எண்ணினது யாரு?"

பெரியவருக்குக் காது சிவந்துவிட்டது. "ஏம்மா, என் மானத்த எதுக்கு ஏலம் போடற?"

"என் மானத்த இவங்க ஏலம் போட்டப்ப நீங்களும் சிரிச்சுட்டுத்தானே இருந்தீங்க, பெரியப்பா."

சிக்னல்காரன் டம்ளருக்குள் எதையோ தேடினான். பெரியவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, இன்ஜினியரைக் கேட்காமலே அவள் கையில் வைத்தார். தனக்கும் இந்த வயசில் உத்தரம் ஏற்ற ஆசையில்லை என்று முனகினார்.

இன்ஜினியர் விட்டுக்கொடுத்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "சரி, ஏறுங்க. அப்போ விசேஷம் எதுவும் இல்லதானே?"

"அது உங்க கட்டடத்துல சேர்த்தி இல்ல சார்," என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

அன்று மிச்சமிருந்த உத்தரங்களை அவள்தான் ஏற்றினாள். சாயங்காலம் பட்டறைக்குப் போய், புருஷனை வாசலுக்குக் கூப்பிட்டு, அவனுக்கு மட்டும் சொன்னாள். அவன் எண்ணெய்க் கையைத் துடைக்காமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே இருந்து யாரோ, என்னப்பா விசேஷம் என்று குரல் கொடுத்தார்கள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.