நான்-ரினியூவபிளும் அப்பாவின் தூக்கமும்

ஏழாம் வகுப்பில் என்னை ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். தலைப்பு எரிசக்தி. டீச்சர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் ‘நான்-ரினியூவபிள்’ என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் வந்தது. சிதம்பரத்தில் ஜெயித்தால் கடலூர், அங்கேயும் ஜெயித்தால் சென்னை என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அப்பாதான் தாளைப் பிடித்துக்கொண்டு நான் ஒப்பிப்பதைச் சரிபார்க்க வேண்டும். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இன்றைக்கு நிறுத்துவார்களோ, நாளைக்கு நிறுத்துவார்களோ என்று பயந்தபடியே பன்னிரண்டு வருடம் ஓட்டியவர். ஷிஃப்ட் முடிந்து மங்கலம்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாதி உயிர்தான் இருக்கும்.

முதல் நாள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் அந்த வகை, தோண்டித் தீர்ந்தால் தீர்ந்ததுதான், வெயிலும் காற்றும் மாதிரி திரும்பத் திரும்பக் கிடைக்காது என்று பெரிய மனுஷி போல விளக்கினேன். கடைசிப் பத்தியையும் தமிழில் சொன்னேன்.

“அப்ப மைன்ஸ மூடிடணும்னு சொல்றியா?”

“ஆமாம்பா, சீக்கிரமா மூடணும். அதுக்குத்தான் கைத்தட்டு ஜாஸ்தி வரும்னு டீச்சர் சொன்னாங்க.”

அப்பா தாளை மடித்துக் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து தினமும் ஒரே கதைதான். ஒரு சொல் பிசகினாலும் பிடித்துவிடுகிறவர், கடைசிப் பத்தி வந்ததும் கண்ணை மூடிவிடுவார். தொட்டு எழுப்பினால் அசதியாக இருக்கிறது, போதும் என்பார். எனக்கும் அந்தப் பத்தி தண்ணி பட்ட பாடு என்ற நினைப்பு.

போட்டியன்று லீவு போட்டுவிட்டு அவரே சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார். மேடையில் மடமடவென்று ஒப்பித்துக்கொண்டே போனவள், கடைசிப் பத்தி வந்ததும் மரம் மாதிரி நின்றேன். மணியடித்து இறக்கிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில், அவர் தூங்கியதால்தான் தோற்றேன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

“ஆமா பாப்பா, என் தப்புதான். தூங்கிட்டேன்.”

விருத்தாசலம் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் அப்பா கண்ணை மூடியிருந்தார். அதையும் தூக்கம் என்றே நினைத்தேன்.