அரைப்பேர் போட்ட அட்டை: அக்கரப்பத்தனையிலிருந்து நுவரெலியா ரோபோ போட்டிக்கு

ரோபோ போட்டிக்குப் போய் வந்தவர்கள் ரோபோவைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் பிஸ்கட் பெட்டியில் வெட்டிய அட்டைத் துண்டைப் பற்றி எழுதப் போகிறேன். ரோபோ மட்டும் வேண்டுமென்றால் இப்போதே மூடிவிட்டுப் போகலாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நுவரெலியாவில் பாடசாலை மாணவர்களுக்கான போட்டி. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ரமேஷ், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். "பிள்ளைகளோட மெஷின் இடப்பக்கமே இழுக்குது, வந்து பாரு" என்று மூன்று முறை போன் எடுத்தான். நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன், எலெக்ட்ரானிக்ஸ் பொறியியலாளன். மலையகம் எனக்கு ஏப்ரல் விடுமுறைக்குப் போய்ப் படமெடுக்கும் இடம், அவ்வளவுதான். மூன்றாவது போனுக்குக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை 8.30க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில். தலவாக்கலையில் இறங்கியபோது மதியம் 2.20. அங்கிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனை பஸ், 110 ரூபா, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தூரம் குறைவுதான், வளைவுகள்தான் நேரத்தைத் தின்கின்றன. மடிக்கணினியை பஸ்ஸில் திறக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன், நாலாவது வளைவில் மூடினேன்.

குழுவில் ஆறு பேர். தலைவி தர்ஷினி, பதினோராம் ஆண்டு. குழுவின் பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு அதுதான் பெயர். ரோபோவுக்கு 'கண்டாக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "மலையில நின்னு மத்தவங்க வேலய மேப்பாக்கிறவரு அண்ணே" என்றான் சுகந்தன் என்ற பையன். "இதுவும் அப்படித்தான். சும்மா நிரையில சுத்திச் சுத்தி வரும், ஒன்னும் எடுக்காது."

எடுக்காததற்குக் காரணம் இடது சக்கரத்தின் அச்சில் ஒரு மில்லிமீட்டர் வளைவு. அரை மணி நேரத்தில் சரி. பிறகுதான் ரமேஷ் உண்மையான பிரச்சினையைச் சொன்னான். கண்டாக்கின் மூளையான பலகையும் மோட்டர்களும் இரவல், திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அரையிறுதிக்குப் போகும் எட்டுப் பாடசாலைகளுக்கும் ஒரு முழுப் பெட்டி சாமான் சொந்தமாகக் கிடைக்கும். போகவில்லை என்றால் அந்தப் பாடசாலையில் ரோபோ கழகம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

விதி இது: காலையில் எல்லாருக்கும் ஆறு போட்டி, தரையில் கிடப்பதை மெஷின் எடுத்துச் சேர்த்தால் புள்ளி. முதல் நாலு இடக்காரர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். ஒவ்வொருவரும் மற்றக் குழுக்களிலிருந்து ஒரு கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே நாலுக்குள் வராதவர்களை யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் குழுக்கள் ஒரே நிறத்தில் உடுத்துகின்றன, தொப்பி போடுகின்றன, பட்டாசு மாதிரிக் கத்துகின்றன, போகிற வருகிறவர்களுக்கு எல்லாம் சாவிக்கொத்தும் ஸ்டிக்கரும் கொடுக்கின்றன. எனக்கு இதெல்லாம் எப்போதும் எரிச்சல். ஆனாலும் யோசனை சொன்னேன்: கூடையும் படங்கும் கட்டிக்கொண்டு போங்கள், ஆளுக்கொரு சின்னத் தேயிலைப் பைக்கட் கொடுங்கள். ஒருத்தரும் மறக்க மாட்டார்கள்.

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். "படங்கு எங்கம்மா மழைக்கும் செடிக்கும் இடுப்புல கட்டுறது அண்ணே. வேஷம் இல்ல."

"தேயிலயும் வேணாம்" என்றான் சுகந்தன். "எங்களுக்குக் கிடைக்கிறதே டஸ்ட்டு. அதக் குடிச்சா ஞாபகம் வச்சுக்குவாங்கதான், ஆனா தேடி வந்து அடிப்பாங்க."

நான் போய்ப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 5.30க்கு வேன் என்றார்கள். நான் 5.50க்குப் போனேன். பிள்ளைகள் குளிரில் வரிசையாக நின்றிருந்தார்கள். தலவாக்கலை நடைபாதைக் கடையில் வாங்கிய கம்பளிக் குல்லாக்கள்: ஐந்து ஆரஞ்சு, ஒன்று ரோஸ். ஆறாவது ஆரஞ்சு கடையில் இல்லையாம். ரோஸ் சுகந்தன் தலையில். "பெரட்டுக் கலைஞ்சிருச்சு அண்ணே" என்றான் என்னைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் செல்வமும் சிரித்தார். "ஏறுங்க தம்பி, பனியா இருக்கு. மெதுவாத்தான் போவேன், அதுக்குக் கோவப்படாதீங்க." வேன் போய்வர 12,000 ரூபா, மீட்டரில் 38 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். நானுஓயாவுக்குப் பிறகு கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மண்டபத்தில் இருபத்திரண்டு குழுக்கள். அச்சடித்த டி-சேர்ட், மினுங்கும் விக், முதுகில் அனுசரணையாளர் பெயர். ஒரு குழு எரியும் சின்ன விளக்கு வைத்த பேட்ஜ் கொடுத்தது. வாங்கிய எங்கள் பிள்ளைகள் கையில் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லாததுபோல நின்றார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

மூன்றாவது போட்டி முடிந்ததும் இடது மோட்டரின் வயர் கழன்றது. ஸ்க்ரூடிரைவர் சுகந்தனிடம். சுகந்தனைக் காணோம். தேடிப் போனால், மண்டபத்தின் மறுமூலையில் ஒரு குழுவின் மேசைக்கு முன்னால் நூல் கோத்த அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பிஸ்கட் பெட்டி அட்டை. ஒரு பக்கம் 'பெரட்டு, அக்கரப்பத்தனை'. மறுபக்கம் அந்தக் குழுவின் பெயர், அவர்களுடைய மெஷின் என்ன செய்தது, கீழே பெரிதாக 'முழுப்பேர்'. தமிழ்க் குழுக்களுக்குத் தமிழில், சிங்களக் குழுக்களுக்கு சிங்களத்தில். சிங்களத்தில் எழுதியது தர்ஷினி.

"மெஷின் செத்துக் கிடக்கு, நீ குப்பை அட்டை குடுத்துக்கொண்டு நிக்கிறியா?" என்று கத்தினேன். கொஞ்சம் பலமாகவே. அவன் ஸ்க்ரூடிரைவரைத் தந்துவிட்டு, மிச்ச அட்டைகளைக் குல்லாவுக்குள் செருகிக்கொண்டு என் பின்னால் வந்தான்.

ஆறு போட்டியும் முடிந்தபோது நாங்கள் ஒன்பதாம் இடம். கணக்குப்படி கதை முடிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆசிரியர் எங்கள் மேசைக்கு வந்தார். மூன்றாம் இடத்தில் இருந்த நகரப் பாடசாலைக் குழு 'மின்னல்' அவருடையது. பேச்சில் யாழ்ப்பாணம். கையில் எங்கள் அட்டை.

"தம்பி, இது உங்கட பிள்ளையள் தந்ததோ? எங்கட பேரை முழுசாத்தானே எழுதியிருக்கினம். பிறகேன் அரைப்பேர் எண்டு கிடக்கு? எழுத்துப் பிழையோ?"

எனக்கும் புரியவில்லை. எழுத்துப் பிழைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய குழுத் தலைவி நிலானி முந்திக்கொண்டாள். "அது கூப்புடுற பேரு இல்ல சேர். வேலைக்குப் போடுற பேரு. கொழுந்து இத்தன கிலோ எடுக்கணும்னு இருக்கும். எடுத்தா அன்னைக்கு முழுப்பேர். கொறஞ்சா அரைப்பேர், பாதி நாள்தான்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு அரைப்பேர் போட்டது யாரு?"

ஐந்து ஆரஞ்சுக் குல்லாக்களும் ரோஸ் குல்லாவைப் பார்த்தன.

"நாலாவது போட்டியில பாதியில நின்னுச்சே அக்கா" என்றான் சுகந்தன்.

"பேட்டரி கழண்டுருச்சுடா!"

"கழண்டாலும் கூடைக்குள்ள கொழுந்து வரலையே."

"இவன் கொழுப்பப் பாரு" என்றாள் நிலானி. சிரித்தாளா என்று தெரியவில்லை. ஆசிரியர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "பிள்ளை, உமக்கெப்பிடி இதெல்லாம் தெரியும்?" அவள், "நம்ம வீடு லிந்துலை சேர். அம்மா கொழுந்தெடுக்க மலைக்குத்தான் போறாங்க" என்றாள். இரண்டு வருடமாக அவளுக்குப் படிப்பிக்கிற மனிதர். அவருக்கு இது புதுச் செய்தி என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் அட்டையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தர்ஷினி சுகந்தனின் குல்லாவைப் பிடுங்கி அவன் மேலேயே அடித்தாள். "எல்லாத்துக்கும் முழுப்பேர் போட்டா என்னடா?" அவன், "அப்புறம் முழுப்பேருக்கு என்னா மதிப்பு?" என்றான்.

2.30க்குத் தேர்வு. முதல் இடக்காரர்கள் ஐந்தாம் இடத்தை எடுத்தார்கள். இரண்டாம் இடக்காரர்கள் ஆறாம் இடத்தை. எதிர்பார்த்ததுதான், நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன். மூன்றாவதாக நிலானி மைக்கை வாங்கினாள். தர்ஷினி கண்டாக்கின் வயரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நாங்க பெரட்டை எடுக்கிறோம்."

காரணத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். நிலானி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னைக்கு எங்களுக்கு நெறைய சாமான் கெடச்சிச்சு. எல்லாத்துலயும் குடுத்தவங்க பேருதான் பெருசா இருந்திச்சு. எங்க மெஷின் எங்க நின்னுச்சுன்னு பாத்து எழுதுனவங்க இவங்க மட்டுந்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தொழிலே பிழை எங்கே என்று பார்ப்பது. அந்த மண்டபத்தில் இருபத்தொரு மெஷின்களையும் பார்த்து, ஒவ்வொன்றும் என்ன செய்தது, எங்கே தவறியது என்று எழுதி வைத்திருந்தது ஒரே ஒரு குழு. அதைக் குப்பை என்றவன் நான். அவர்களுடைய ஆறு போட்டிக்கு நடுவே அத்தனை மேசைக்கும் ஓடியிருக்கிறார்கள். எதிராளியை அளந்து, அளந்ததை மறைக்காமல் அவன் கையிலேயே கொடுப்பது எனக்குத் தெரிந்த எந்தப் போட்டி உத்தியிலும் இல்லை. இன்னொன்றும் உண்டு. அம்மாக்களின் நாளைப் பாதியாக்கும் சொல்லை இந்தப் பிள்ளைகள் எடுத்து, பேர் போடுகிற கையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தெரிந்து செய்தார்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகந்தன் ஏதாவது நக்கலடித்திருப்பான்.

அரையிறுதியில் நாலு புள்ளியில் தோற்றோம். இந்த முறை நின்றது கண்டாக்கு. நிலானி பேனாவோடு வந்து சுகந்தனின் கையில் ஓர் அட்டையைத் திணித்தாள். என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பெட்டி கிடைத்துவிட்டது. திரும்பும்போது அதை வேனின் பின் இருக்கையில் வைத்து, வளைவுகளில் சரியாமல் ஆறு பேரும் முறை போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

இனிப் போகிறவர்களுக்கு. நுவரெலியாவுக்கு நேராகப் போவதென்றால் நானுஓயா நிலையம்தான் வசதி, அங்கிருந்து பஸ்ஸும் வேனும் உண்டு. உதிரி வயர், இரண்டு ஸ்க்ரூடிரைவர் கொண்டு போங்கள், இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். மண்டபத்துக்குள்ளும் குளிர், பேட்டரி சீக்கிரம் இறங்கும், விரலும் விறைக்கும். பகலுக்குச் சோற்றுப் பார்சல் 400 ரூபா, பன்னிரண்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அன்பளிப்புக்குக் காசு இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். மற்றவர்களின் போட்டியை உட்கார்ந்து பாருங்கள், பார்த்ததை எழுதிக் கொடுங்கள்.

வேன் ஐந்தரைக்கு என்றால் ஐந்தரைக்கே போய் நில்லுங்கள். நான் பஸ் ஏறும்போது தர்ஷினி எனக்கும் ஓர் அட்டை தந்தாள். 'சக்கரம் சரி பண்ணினாரு. இருபது நிமிசம் பிந்தி வந்தாரு. சும்மா கத்தினாரு. அரைப்பேர்.'

எழுத்துப் பிழை எதுவும் இல்லை.