கிணற்றுக்குள் தொங்கிய பானை

அந்தப் பானையின் அடியில் மூன்று ஓட்டைகள் இருந்தன. சுண்டுவிரல் நுழையும் அளவு. கிணற்றடியில் நின்று சிஸ்டர் அதில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஊற்றினார். மூன்று தாரையாக ஒழுகியது. எந்தப் பக்கம் கட்டினால் வாளி இடிக்காது என்று பார்ப்பதற்காக, அந்தப் பானையைத் தோளருகே தூக்கிப் பிடித்தபடியே கிணற்றைச் சுற்றி நடந்தார். அவர் பின்னால் ஈரக்கோடு ஒன்று வளைந்துகொண்டே வந்தது. கூடியிருந்த பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். நல்ல வெயில். எனக்கு முதுகு சில்லிட்டது.

எண்பதுகளின் கடைசி அது. வெள்ளானூர்ப் பக்கம் அப்போது வயலும் ஏரிக்கரையும்தான். ஆவடிக்குப் போக வேண்டுமென்றால் முள்ளுக்காட்டு வழியே நடந்து, ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, அப்படி நின்றவள்தான். ஒரே மகன். வாந்தி பேதி. பஸ் வருவதற்குள் அவள் மடியிலேயே அடங்கிவிட்டான். அதற்குப் பிறகு அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிச் சங்கம் வைத்தாள். "ஆம்பளைங்க மனு குடுத்துகினே கீறாங்க. நம்ம கெணறு, நம்ம தூரு வாரலாம் வாங்கடி" என்றாள். வாரினோம். சேற்றைக் கூடை கூடையாக மேலே இழுத்தோம்.

சிஸ்டர் என்று நாங்கள் சொன்னது ஒரு நர்ஸம்மாவை. தெற்கத்திக் கிறிஸ்தவர், கணவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களிடம் வருவார். ஓட்டைப் பானையில் மணலும் பிளீச்சிங் பவுடரும் கலந்து போட்டுக் கிணற்றில் தொங்கவிட்டால், மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கிக் கிருமியைக் கொல்லும் என்று சங்கத்தில் சொன்னவர் அவர்தான். நாங்களும் சரி என்றோம். ஆனால் சொல்லில் கேட்ட பானை வேறு, கண்ணால் பார்த்த பானை வேறு. கிறிஸ்தவர்கள் பெட்டியில் வைத்துப் புதைக்கிறவர்கள். எங்களில் கொள்ளி வைக்கிறவன் இப்படித்தான் குடத்தைத் தோளில் வைத்துப் பிணத்தைச் சுற்றி வருவான். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் உடைப்பார்கள். இங்கே உடைக்காமல், நாங்கள் குடிக்கிற கிணற்றுக்குள் இறக்கிவிட்டார் சிஸ்டர். சிஸ்டரிடம் இதைச் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. நல்லது செய்ய வந்த மனுஷியிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாரமே மூலைவீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்தார். நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தவர்தான். ஆனாலும் என் மாமியார், "கொடத்தக் கட்டுனாங்க, பொணம் வியுந்திச்சி" என்றார். அதோடு முடிந்தது. கிணற்றடிக்கு ஒரு வாளி போகவில்லை. எல்லோரும் ஏரிக்கரையில் ஊற்று தோண்டிக் கலங்கல் தண்ணீரை மொண்டு வந்தோம். எதையும் முதலில் பயந்துவிட்டுப் பிறகு யோசிக்கிறவள் நான். ஆறாவதோடு பள்ளியை விட்டவளுக்கு யோசித்துத்தான் என்ன தெரியப்போகிறது என்றும் ஒரு எண்ணம். கிணற்றுப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தேன். அப்படியும் காதில் விழும். யாரும் இறைக்காத கிணற்றில், பானை சுவரில் இடிக்கும் சத்தம். டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. மறுபடியும் டொக். காற்றில் கயிறு ஆடுகிறது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். காற்றே இல்லாத மத்தியானங்களிலும் கேட்டது.

பிறகு என் மகளுக்கும் அந்தப் பேதி வந்தது. அவளுக்கு அப்போது நடை பழகும் வயது. விடியற்காலையிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே இழுத்துக்கொண்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். உப்பு இருந்தது, சர்க்கரை இருந்தது. நல்ல தண்ணீர்தான் இல்லை. வீட்டில் மொண்டு வைத்திருந்த ஊற்றுத் தண்ணீரால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்று உள்ளுக்குள் தெரிந்தது. கொதிக்கவைத்தும் அது கலங்கலாகவே நின்றது. அதைக் குழந்தை வாயருகே கொண்டுபோகக் கை வரவில்லை.

ஓரகத்தி உள்ளே வந்தாள். குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இன்னாடி, நீயே பேய் மாதிரி குந்திகினுகீற. சொம்ப எடுடி" என்றாள்.

மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பொணத்துக் கொடத்துத் தண்ணிய கொயந்த வாயில ஊத்தப் போறியா? உன் புள்ளதான் பூட்டான், இதையும் அனுப்பப் போறியா?"

அந்தச் சொல்லுக்கு யாராக இருந்தாலும் உடைந்துபோயிருப்பார்கள். ஓரகத்தி சிரித்தாள். "எனுக்குக் கொடம் ஒடைக்கத்தான் புள்ள இல்லியே அத்தே. இதுவே என் கொடம்னு வெச்சிக்கோ. நவுரு."

குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் ஒரு காக்காகூட இல்லை. பானையைக் கட்டியிருந்த கயிறு அசையாமல் நேராக உள்ளே இறங்கியிருந்தது. அவள் வாளியை விடவில்லை. சுவரில் கை ஊன்றி, குனிந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில் உள்ளே கேட்டாள்: "கண்ணு, இங்கதான் கீறியா?"

டொக்.

ஒரே ஒரு முறை. நான் கேட்டேன். அவளும் கேட்டாள். "சரி, தங்கச்சிப் பாப்பாவுக்குத் தண்ணி வோணும், எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாளியை இறக்கினாள். இழுக்கும்போது இரண்டு கயிறுகளும் பின்னிக்கொண்டு பானையும் கூடவே மேலே வந்தது. மூன்று தாரையாகத் தண்ணீர் உள்ளே விழுகிற சத்தம், ஆளில்லாத வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்க அவள் முதலில் ஒரு சொம்பு குடித்தாள். மருந்து நெடியில் முகம் சுளித்தாள். "செத்தவங்க தண்ணி இவ்ளோ நாறாதுடி. இது நல்ல தண்ணி" என்றாள். கரைத்து, பாலாடையில் அவளே புகட்டினாள். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஒரு சொட்டு குடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் குழந்தை மூத்திரம் விட்டாள்; உடம்பில் தண்ணீர் பிடித்துவிட்டது. அவ்வளவுதான், ஓரகத்தி எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறு ஞாயிறு சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "எங்கிட்ட யாருமே சொல்லலியேம்மா" என்றார். ஓட்டைப் பானையை இன்னொரு பானைக்குள் வைத்து இறக்கலாம் என்று அவர் வழி சொன்னார். வெளிப் பானைக்குக் கல்யாணப் பானை போலச் சுண்ணாம்பு பூசிக் காவிக்கோடு போடலாம் என்றது ஓரகத்தி. முறை வைத்து மருந்து மாற்றினோம். கிணற்றடியில் மறுபடி சண்டையும் சிரிப்பும் வந்தன. ஆனால் அன்று உள்ளேயிருந்து வந்த சத்தத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் மருந்து மாற்றுகிற முறை வந்தால் மட்டும், வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இப்போது அந்தக் கிணறு எந்த அடுக்குமாடிக்கு அடியில் இருக்கிறது என்று என்னால் கைகாட்ட முடியாது. வாசலுக்குக் கேனில் தண்ணீர் வருகிறது. ஓரகத்தி போன ஆடியில் போனாள். மின்மயானம் என்பதால் பெண்களும் போனோம். அவளுக்குப் பிள்ளை இல்லாததால் மகளுக்குப் பின்னால் பிறந்த என் மகன்தான் குடம் எடுத்தான். அங்கிருந்த குழாயில் பிடித்த தண்ணீர். முதல் சுற்றில் ஒரு ஓட்டை, இரண்டாவதில் ஒன்று. பக்கத்தில் நின்ற என் மகள், இரண்டு பிள்ளை பெற்றவள், மூக்கைச் சுருக்கினாள். "இன்னாம்மா, பிளீச்சிங் பவுடர் வாசன வருது?" என்றாள். குழாய்த் தண்ணீரில் மருந்து போடுவார்கள் என்று சொன்னேன். எனக்கும் அந்த நெடி வந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாவது ஓட்டை விழுந்தது. மூன்று தாரையாகத் தண்ணீர் இறங்க, மகன் என்னைக் கடந்து நடந்தான். நான் கையை நீட்டி அதில் ஒரு வாய் பிடித்துக் குடித்தேன்.

"அம்மா! இன்னா பண்றீங்க?" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நல்ல தண்ணிதான்டி" என்றேன்.