செம்மண் குன்றில் கரடி

பள்ளிமுனைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கோயில் மணிக்கூண்டைவிட உயரமான எதையும் தெரியாது. கல்யாணம் முடித்து, கணவரின் ஊரான கொண்டச்சிக்குப் போனபோதுதான், தெற்கே காட்டோரம் கிடந்த செம்மண் குன்றுகளைக் கண்டேன். பெரிய உயரமில்லை, ஆனாலும் ஊரில் மலை என்றே சொன்னார்கள். கடலில் எது வந்தாலும் தூரத்திலேயே தெரியும். குன்றிலோ அடுத்த பற்றைப் புதருக்குப் பின்னால் என்ன நிற்கிறதென்று தெரியாது. அந்த இடம் எனக்கு முதலிலிருந்தே பயம்.

அந்த வருடம் பாலைப்பழம் நிறையப் பழுத்தது. என் கணவரின் அக்காவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். பழத்துக்கு ஆசைப்பட்டார். ஆண்கள் கஜூ முந்திரித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்ததால், காலையில் நாங்கள் இருவருமே ஓலைப்பெட்டியோடு குன்றில் ஏறினோம்.

மேலே நின்ற பெரிய பாலை மரத்தின் கீழே பழம் கொட்டிக் கிடந்தது. குனிந்து பொறுக்கும்போது என் முதுகிலும் பழங்கள் விழுந்தன.

"குரங்கு போலை, மச்சாள்," என்றேன்.

அவர் என் கையை இறுகப் பிடித்தார். நிமிர்ந்தேன். மரக்கவட்டில் கறுப்பாய் ஒரு கரடி, கொப்பை வளைத்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஓடுவமே?"

"என்னால ஏலாது. நீ போ."

போ என்று சொன்னாரே தவிர, என் கையை அவர் விடவில்லை.

அந்தக் கையை உதறிவிட்டு ஓடத்தான் நினைத்தேன். கரடி மரத்தை அணைத்தபடி பின்பக்கமாய் இறங்கத் தொடங்கியபோதும் அதையே நினைத்தேன். அதன் நகம் பட்டையைக் கிழிக்கும் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. முகத்தைத் திருப்பாமல், ஒவ்வோர் அடியாய்ப் பின்னால் நகர்ந்தோம். மச்சாள் செபம் சொன்னார். "அருள் நிறைந்த மரியே" என்பதற்கு மேல் அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

கரடி தரையில் நின்று எங்கள் பக்கம் மூக்கை நீட்டியது. அப்போது எங்களுக்குப் பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து குட்டியொன்று வெளியே வந்தது. குட்டி ஓடிப்போய்த் தாயின் முதுகில் ஏறியது. தாய் ஒருமுறை உறுமிவிட்டு மறுபக்கச் சரிவில் இறங்கிப் போனது.

வீடு வந்தபிறகு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

மச்சாளுக்குச் சுகமாய்ப் பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் என்னைக் காட்டிச் சொன்னார்: "இவள் என்னை விட்டிட்டு ஓடேல்லை."

நான் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போய்விட்டேன்.