பெருச்சாளி இன்னும் உண்டு

பொழியூரில் எங்கள் வீட்டின் கடல் பக்கத்துச் சுவரை அலை எடுத்துக்கொண்டு போன பிறகு, நானும் கணவரும் ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய வீட்டுக்குக் குடி வந்தோம். வந்த வேகத்தில் அவர் கொல்லத்து மீன்பிடிப் போட்டில் வேலைக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை வருவார், இரண்டு நாள் தூங்குவார், திரும்பிப் போவார். மற்ற நாட்களில் நானும் தையல் மெஷினும், கடற்கரையிலிருந்து எங்களோடு வந்த நாயும்தான். பூனை ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கடற்கரையில் சண்டை போடவாவது ஆள் இருக்கும். இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மரங்கள்தான். எட்டு மாதத்தில் என் வாசலுக்கு வந்தவர்கள் மீட்டர் பார்க்கிறவரும், நைட்டி தைக்கத் துணி கொண்டு வருகிறவரும் மட்டும். சாயங்காலம் நாயைக் கூப்பிடும்போதுதான் அன்று முதல் தடவையாக வாயைத் திறக்கிறேன் என்பது உறைக்கும்.

மழை தொடங்கியதும் முற்றத்தில் அங்கங்கே மண் குவியத் தொடங்கியது. மணலில் நண்டு வளை பார்த்து வளர்ந்தவள் நான். செம்மண்ணில் கை நுழையும் அளவுக்கு வளை தோண்டுவது எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் நட்டிருந்த மரச்சீனியை, மரவள்ளிக் கிழங்கை, அது அடியோடு கடித்துப் போட்டிருந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த மண்சுவர், இங்கத்துப் பேச்சில் கையாலை, ஓரிடத்தில் சரிந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவர்.

"இது மழையில இடிஞ்சதில்ல மக்கா. பெருச்சாளியாக்கும். உனக்க பக்கத்துல இருந்துதான் துரந்து வருது."

"என்ன செய்யணும் அக்கா?"

"விஷம் வைக்கணும்."

"நாயும் பூனையும் அவுந்து கிடக்குது. தின்னுடுமோன்னு எனக்குப் பேடி உண்டு."

அவர் நாயைப் பார்த்தார். அது அவர் காலை மோந்துகொண்டிருந்தது. "அப்ப எலிக்கூடு வாங்கி வை. காலையில வெட்டு முடிஞ்சு நான் வந்து பாக்கியேன்."

பெருங்கடவிளைச் சந்தையில் கம்பிக்கூடு ஒன்று வாங்கி, கருவாடு கோத்து வைத்தேன். மறுநாள் உள்ளே பூனை உட்கார்ந்திருந்தது. அக்கா சிரித்தார். "மீன வச்சா பூனை வராம பின்ன எது வரும்? தேங்காயச் சுட்டு வை."

அவர் சொன்னபடி மற்ற வளைகளையெல்லாம் கல்லும் ஓட்டுத்துண்டும் போட்டு அடைத்து, ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, அதன் வாயில் கூட்டை வைத்தோம். மூன்றாம் நாள் முதல் பெருச்சாளி விழுந்தது. இரண்டு வாரத்தில் நான்கு. கூட்டைத் தொட்டித் தண்ணீரில் முக்குவது அவர் வேலை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முடிந்ததும் பால் விடாத கட்டன் சாயா கொடுப்பேன். உடம்பில் ரப்பர் பால் மணத்தோடு உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டைப் பற்றிச் சொல்வார். நான் கடலைப் பற்றிச் சொல்வேன். பத்து மணி ஆவதற்கு முன்பே அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு பத்து நாள் கூடு காலியாகவே கிடந்தது. புது மண் எங்கும் இல்லை. "ஒழிஞ்சுது சவம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கையாலையைக் கட்டி முடித்தோம். மறுநாள் அவர் வரவில்லை. வர வேண்டிய காரியம் ஒன்றும் இல்லையே.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மண்வெட்டியால் ஒரு பழைய வளையின் வாயைக் கொத்திக் கொஞ்சம் மண்ணை வெளியே இழுத்துப் போட்டேன். கையாலைக்கு மேலே எட்டிக் கூப்பிட்டேன்.

"அக்கா, பெருச்சாளி இன்னும் உண்டு. சத்தத்துல எனக்கு உறக்கமே இல்ல."

அவர் வந்தார். ஒரு வாரம் தினமும் வந்தார். காலிக் கூட்டைப் பார்த்து நெற்றியைச் சுளித்தார், சாயா குடித்தார், பேசினார். நான் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் உச்சி நேரத்தில் நாய் தள்ளாடிக்கொண்டு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தது. வாயில் நுரை. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஊசி போட்டார். மேசையிலேயே அதன் உடம்பு விறைத்துப்போனது.

திரும்பி வந்தபோது அக்கா முற்றத்தில் நின்றிருந்தார். கையாலைக்கு அந்தப் புறம், தன் பக்கத்தில் இருந்த வளையை நாய் தோண்டிப் போட்டிருந்ததை அவர் பார்த்துவிட்டிருக்கிறார்.

"நானாக்கும் வச்சேன் மக்கா. மரச்சீனியில விஷத்தப் பெரட்டி, கை எட்டும் மட்டும் உள்ள தள்ளி, கல்லு வச்சு அடச்சேன். பெருச்சாளி ராவே தின்னிருக்கும்னு நினைச்சேன். உனக்கு உறக்கம் இல்லன்னு சொன்னியே."

அதைத் தின்ன வளைக்குள் பெருச்சாளியே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். அவர் அழுதுகொண்டிருந்தார். "உங்க தப்பு இல்ல அக்கா" என்றேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவரே குழி வெட்டினார், அவரே மண்ணைத் தள்ளினார், கை கழுவாமல் போனார்.

அதன் பிறகு அவர் வருவதில்லை. வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குகிறார். சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவர் வாசல் வரை போனேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நின்றுவிட்டுத் திரும்பினேன்.

போனில் கணவரிடம் நாய் செத்துப்போனதை மட்டும் சொன்னேன். வேறு குட்டி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். போட்டின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"வேற விசேஷம் உண்டா அங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.