சுவரில்லாத மடத்தின் வாசல்

பருத்தித்துறையில் பக்கத்து வளவில் இன்று புது வீட்டுக்கு வாசல் நிலை வைத்தார்கள். சுவர் இன்னும் எழவில்லை. மஞ்சள் பூசிய வேப்பமர நிலை மட்டும் மணலில் தனியாக நின்றது. எல்லாரும் அதைச் சுற்றி நடக்க, நான் மட்டும் குனிந்து அதன் வழியே போனேன்.

"சுவரே இல்லை, பிறகேன் அண்ணை உதுக்குள்ளாலை வாறியள்?" வீட்டுக்காரன் சிரித்தான்.

"பழகிப்போச்சு," என்றேன்.

புதிதாய் இழைத்த மரத்தின் மணம். என்னை வளர்த்த மடம், இங்கே யாரும் கேள்விப்படாத மலைகளில், புல் தீரத் தீர எருதுகளோடு இடம் மாறிக்கொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் கூடாரத்துக்கும் அடுப்புக்கும் முதல் எருதில் ஏற்றிக் கொண்டுவந்த ஒற்றை மர வாசலைத்தான் நிறுத்துவோம், பிறகு நாலு பக்கமும் காற்று அடிக்க, துறவிகளும் பிள்ளைகளும் எருதுகளும் பனி ஒட்டிய காலோடு வரிசையாக அதற்குள்ளால் நுழைவோம். மடத்தை விட்டுப் போகிறவரும் அதன் வழியேதான் போகவேண்டும். அப்போதுதான் அவருடைய கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார்கள்.

பதினாறு வயதில், ஒரு விடியலில், நான் அந்த வாசலுக்குள்ளால் போகாமல் பக்கத்தால் இறங்கி வந்துவிட்டேன். எனக்கு அதில் துக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

அவர்கள் கணக்கில் நான் இன்னும் போகவில்லை. இன்று காலையும் என் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றியிருப்பார்கள். அது ஆறியிருக்கும்.