பதினாறு கதவு வீடு

இது கதையில்லை, நடந்தது. சிங்காரத்துக்கு நடந்தது. அவர் சொன்னதை நான் ஏன் நம்புகிறேன் என்றால், மனிதர் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் மறைத்து வைத்திருந்தார். அன்றைக்குக் காலையில் அதையும் கொட்டிவிட்டார்.

சிங்காரம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்து லயத்தை, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை, போன வருடம் இடித்தார்கள். அதன் பதினாறு வாசற்கதவுகளையும் வாங்கி, திரிங்காப் ஊரில் தன் பூத்தோட்டத்து ஓரமாக வட்டமாய் நட்டு, அதே லயத்தில் வளர்ந்த மோகனா ஒரு வீடு கட்டினாள். சுவரே கிடையாது. சுற்றிலும் கதவுதான். அதிலும் ஒன்றுதான் திறக்கும், மற்றவை சிமெண்டில் இறுக்கியவை. இப்படிக் கிறுக்கு வீடு என்றால் கோலாலம்பூர்க்காரர்கள் வாடகை கொடுத்துத் தங்க வருவார்களாம்.

“முதல் ஆளா நீங்கதான் மாமா தங்கணும். இந்தக் கதவெல்லாம் தட்டுன கை உங்களுதுலா,” என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மோகனா எதைக் கேட்டாலும் அவருக்கு அப்படித்தான். காரணம் இருந்தது.

அந்தக் காலத்தில் தினமும் காலை ஆறு பத்துக்கு, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஆள் கூப்பிட அவர் லயத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிரம்பால் ஒன்று. பதில் வராத வீட்டில் ஆள் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். குரங்கு புகுந்து சோற்றுப் பானையை உருட்டாமலிருக்க, வெளிச் சங்கிலியை அவரே மாட்டிவிடுவார். உபகாரம்தான். ஒரு நாள் ஒன்பதாம் நம்பரில் பதில் இல்லை. மாட்டிவிட்டார். பெரட்டில் அந்த வீட்டுப் பாஞ்சாலையைக் காணோம். கிளினிக் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாஞ்சாலை உள்ளே காய்ச்சலில் கிடந்தாள். அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். வேலை முடிந்து மலையிலிருந்து முதலில் இறங்கி வந்தவர் சிங்காரம். காலையில் மாட்டிய சங்கிலி அப்படியே தொங்கியது. எடுத்தார். கதவுக்குப் பின்னால் அவள் இறந்து கிடந்தாள். சங்கிலியை யாரும் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாஞ்சாலையின் மகள்தான் மோகனா. அப்போது பதினொரு வயது. “காய்ச்சலோட அம்மாவ விட்டுட்டு விடியறதுக்கு முந்தியே ஸ்கூலுக்குப் போயி சாயங்காலம்தான் வந்தேன் மாமா. நான்தான் கொன்னுட்டேன்,” என்று ஒவ்வொரு திதிக்கும் அழுவாள். அவர் தலை குனிந்துகொள்வார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் பாரம் இறங்கியிருக்கும். கோழை மனிதர்.

நாளைக் காலையில் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் அன்றும் படுத்தார். தலைமாட்டில் ஒன்பதாம் நம்பர் கதவு.

விழித்தபோது ஆறு எட்டு. இன்னும் இருட்டு. வெளியே பனி.

ஆறு பத்து.

டக்... டக்... டொக்.

முதல் கதவில்.

மோகனாவாக இருக்கும் என்று நினைத்தார். காலடிச் சத்தம் இல்லை. அடுத்த கதவு. டக்... டக்... டொக். விரல் முட்டி இரண்டு. பிரம்பு ஒன்று.

அது அவருடைய தட்டு.

ஆறு... ஏழு... எட்டு...

ஒன்பது. தலைக்கு ஒரு சாண் தூரத்தில்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

பிறகு அந்தச் சத்தம். கிளிங்... சங்கிலி மாட்டுகிற சத்தம்.

எந்தக் கதவிலும் சங்கிலி கிடையாது. மோகனா எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தாள்.

திறக்கிற கதவுக்கு ஓடினார். தள்ளினார்.

அசையவில்லை.

தட்டினார். கத்தினார்.

ஆறரை...

ஆறே முக்கால்...

யாரும் வரவில்லை.

ஏழு ஐந்துக்கு மோகனா கோப்பியோடு வந்து, ஒரு விரலால் கதவைத் தள்ளித் திறந்தாள்.

“சும்மாதான மாமா சாத்தியிருக்கு. ஏன் இப்படி வேர்த்திருக்கு?”

அவர் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சங்கிலியை மாட்டியது. எடுத்தது. மறைத்தது. “உம்மேல தப்பில்ல புள்ள, எல்லாம் நான்தான்,” என்று அழுதார். மோகனா கோப்பியைக் கீழே வைத்தாள்.

“காலையிலயே உசுரு போயிடுச்சின்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொன்னாரு,” என்றார் அவர். “சங்கிலி இல்லாட்டியும் பொழைச்சிருக்காதுன்னு... அத நெனச்சித்தான் இத்தன வருசம்...”

“நீங்க தட்டுனது எனக்குக் கேட்டுச்சி மாமா,” என்றாள் மோகனா. “எப்பவும் கேக்குறதுதான்னு எந்திரிச்சி வரல.”

“என்னம்மா சொல்ற?”

“கதவ நட்ட நாள்லேருந்து தினமும் கேக்குதுலா. நீங்க தட்டுன அதே நேரத்துக்குத்தான் ஆரம்பிக்கும். உள்ளேருந்து. ஓடி வந்து தொறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. குளிருக்கு மரம் முறுக்கிக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன்.” அவள் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தபடியே சொன்னாள். “மத்தியானம் வரைக்கும் பலமா கேக்கும். அப்புறம் சன்னமா... விட்டு விட்டு. மூனு மணிக்கு நின்னுடும்.”

அன்று சிங்காரம் சங்கிலியை எடுத்தது மூன்றே கால் மணிக்கு. அந்த நேரத்தை மட்டும் அவர் அவளிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.